அறுபத்தோராவது ஆள்

முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
மே மாதத்துக் கொம்பனித்தெருவில்
அப்படிக் கேட்கிற ஆள்
பார்க்க வந்தவள் அல்ல, வாங்க வந்தவள் என்று
துவான் ரிஷார்ட்டுக்குத் தெரியும்.
வயிறு திறந்து கிடந்த கைபேசிகளை ஒதுக்கி
மேசைக் கண்ணாடியில்
ஓர் அட்டை அகலத்துக்கு இடம் துடைத்தார்.

எழுபத்தெட்டில் ஒரு பிஸ்கட் கொம்பனி
பக்கெட்டுக்கு ஒருவராய் உள்ளே போட்டுவிட்டது
வர்த்தக அணிகளின் அறுபது ஆட்டக்காரரை.
காலையில் துறைமுகக் களஞ்சியத்தில் கணக்கெழுதி
பின்னேரம் பந்தெறிந்தவர்கள்.
அறுபது பேரும் என்னிடம் இருக்கிறார்கள்.
வெள்ளவத்தைக் காற்று
உப்பு நாக்கால் மூலைகளை நக்கும் என்று
அலுவலகத்தில் யார் புதுச் சப்பாத்து வாங்கினாலும்
பெட்டிக்குள் கிடக்கும் சிலிக்காப் பொட்டலத்தைக்
கேட்டு வாங்குகிறவள் நான்.
சங்கிலி அடகுக் கடையில்.
இவர்கள் அலுமாரியில், இரட்டைப் பூட்டு.

எனக்கு வேண்டியது அறுபத்தோராவது.
இலக்கம் முப்பத்தொன்று, டெரன்ஸ் அசரப்பா,
இடக்கையால் எறிகிறவர்.

படம் புரண்டுவிட்டதாம் முதல் தாள்களில்.
யாரோ கண்டுபிடித்துத் தகட்டை மாற்றுவதற்குள்
நாற்பது அட்டை கடைகளுக்குப் போய்விட்டதாம்.
சேர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை.
சரியான அசரப்பா நூற்றைம்பது ரூபா,
பிழையான அசரப்பா நாற்பத்தெட்டாயிரம்.

நகைக்கடைக் கண்ணாடியை இமையில் பொருத்தினேன்.
மூன்று மூலை கூர்.
நாலாவதை எலியோ பிள்ளையோ கடித்திருக்கிறது.
கழுத்தோரம் மஞ்சள் மை ஒரு மயிரிழை கசிந்திருக்கிறது,
அசல்தான்.
பிறகு

பொத்தான்.

பதினொரு வருடம்
ஓர் ஆம்பிளையின் சட்டைகளை அழுத்தியிருக்கிறேன்.
இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேலே ஏறும்.
பை நெஞ்சின் இடத்தில்.
இந்தப் 'பிழை' ஆளுக்கு எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது.
கைப்பையிலிருந்து என் நூற்றைம்பது ரூபாக்காரரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
அவர்தான்
யாரோ ஒருத்தியின் பிளவுஸ் போலப் பொத்தான் பூட்டி
வலக்கையைச் சுழற்றிக்கொண்டு வருகிறார்.

படம் புரளவே இல்லை.
மனிதர் இடக்கைக்காரர்.
பின்பக்கத்தில் எவனோ 'வலக்கை வேகம்' என்று கோர்த்துவிட்டான்.
எழுத்தைத் திருத்தச் சோம்பல்பட்டு
ஆளைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாய் இல்லை.
என் அடையாள அட்டையில் நான் யசோதினி இல்லை, யசோமினி.
திருத்துவதற்கு மூன்று தடவை பத்தரமுல்லைக்குப் போனேன்.
நாலாம் தடவை போகவில்லை,
வங்கியில் கையெழுத்தை மாற்றிக்கொண்டேன்.

"என்ன மிஸ், டூப்பா?" என்றார் ரிஷார்ட்.
இல்லை என்றேன்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
பிழை இல்லை என்றால் இதற்கு என்ன விலை,
எனக்கே தெரியவில்லை.
முப்பத்தைந்து என்றேன்.
"மூலை ஒன்று போயிருக்கே."
"மூலை போனாலும் ஆள் போகல்லயே, மிஸ்."
பிளேன்டீ வந்தது.
அட்டையை இரண்டு முழம் தள்ளி வைத்துவிட்டுக் குடித்தோம்.
நாற்பத்தொன்று, இரண்டு தவணை.

வீட்டில், யன்னல் சாத்தி,
வியர்வைக் கையைத் துடைத்துத் துடைத்து
இருவரையும் ஒரே தாளின் அடுத்தடுத்த உறைகளில் விட்டேன்.
இரண்டு அசரப்பாக்கள்
முட்டிக்கொள்ளப் போகிறவர்கள் போல் ஓடி வந்தார்கள்.

பதிவேட்டில்
நூற்றைம்பது ரூபாக்காரரின் பெயருக்கு நேரே
எழுதினேன்: பிழை அச்சு.

பென்சிலால்தான்.
விற்க வேண்டி வந்தால்
அழித்துவிடலாம்.